கிணற்று நீரைக் குடித்தது யார்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு குழித்தறி இருந்தது. அப்பா அதில் பட்டுச்சேலை நெய்தார். மூன்று சேலைக்கு வேண்டிய பட்டு நூலை முதலாளி கடையில் எடை போட்டுக் கொடுப்பார்கள். நெய்து முடித்ததும் சேலைகளையும் மீதி நூலையும் சேர்த்து மறுபடி எடை போட்டுக் கணக்குத் தீர்ப்பார்கள்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது நடந்தது இது. நூல் வாங்கியது மார்கழி மாதத்து அதிகாலை. தெருவெல்லாம் பனி. கணக்குத் தீர்த்தது மாசி மாதத்து நண்பகல். வெயில் சுள்ளென்று அடித்தது. தராசில் ஐம்பது கிராம் குறைந்தது. "நூல் எங்கே போயிற்று?" என்று கேட்டார்கள். அப்பாவிடம் பதில் இல்லை. குறைந்த எடைக்கு உள்ள பணத்தைக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். பணம் போனதைக் காட்டிலும், திருடிவிட்டான் என்று வாய்விட்டுச் சொல்லாமல் பார்த்த அந்தப் பார்வைதான் அவரை வருத்தியது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, இயற்பியல் படிக்கப் போன இடத்தில் எனக்குப் பதில் கிடைத்தது. பட்டு, காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும் பொருள். முற்றிலும் உலர்ந்த 100 கிராம் பட்டு, சாதாரண ஈரக்காற்றில் கிடந்தால் சுமார் 110 கிராம் எடை காட்டும். பனிக் காலையில் இன்னும் ஏறும். காய்ந்த நண்பகலில் இறங்கும். பட்டு வணிகத்தில் இந்த ஈரத்துக்கு 11 விழுக்காடு என்று ஓர் அளவே வைத்திருக்கிறார்கள். ஒன்றரைக் கிலோ நூலில் ஐம்பது கிராம் குறைவதற்குக் கள்ளன் தேவையில்லை, காற்று போதும். போனது நூல் அன்று, நீர்!

இந்தப் பழங்கதையை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்று எங்கள் ஊர்ப்பக்கத்தில் அதே கேள்வி வேறோர் உருவத்தில் கேட்கப்படுகிறது. "கிணற்று நீர் எங்கே போயிற்று?" என்கிறார்கள். ஒரு மரத்தைக் காட்டி, "இதுதான் குடித்துவிட்டது" என்கிறார்கள். தராசை மட்டும் யாரும் கொண்டுவரவில்லை.

குற்றம் சாட்டப்பட்ட மரம்

அந்த மரத்தை எங்கள் மாவட்டத்தில் வேலிக்காத்தான் என்போம். தென் மாவட்டங்களில் சீமைக் கருவேலம். தாவரவியலார் வைத்த பெயர் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரிபியன் தீவுகள் ஆகியவை அதன் தாயகம். 1870களில், விறகுக்கும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்குவதற்கும் என்று, அன்றைய சென்னை மாகாணத்தில் அதன் விதைகளை வரவழைத்து நட்டார்கள். இன்று பாலாற்று மணற்பரப்பிலும், ஏரி உட்புறங்களிலும், வரத்துக் கால்வாய்களிலும் அது புதராக மண்டிக் கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இந்த மரம் நீதிமன்றம் வரை போனது. 2017 தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இதை வேரோடு அகற்றுமாறு ஆணையிட்டது. பள்ளி மாணவர்கள் முதல் வழக்கறிஞர்கள் வரை அரிவாளும் மண்வெட்டியுமாகப் புறப்பட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் சென்னையில் அதற்கு இடைக்காலத் தடை வந்தது. வழக்கு மேலும் நீண்டது. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, அயல்நாட்டு ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கென ஒரு கொள்கையையே வெளியிட்டது.

மரத்தின்மீது பொதுமக்கள் சாட்டும் குற்றங்கள் இரண்டு. ஒன்று, ஆழத்து நீரை உறிஞ்சிக் கிணறுகளை வற்றடிக்கிறது என்பது. மற்றொன்று, காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொண்டு மழையைத் தடுக்கிறது என்பது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். கொஞ்சம் நின்று யோசியுங்கள். வேர் வழியாக ஏறும் நீரில் மிகப் பெரும் பகுதி, இலைத்துளைகள் வழியாக நீராவியாகக் காற்றுக்குத்தான் போகிறது. இதை நீராவிப்போக்கு என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அப்படியானால், நிலத்தடி நீரை நிறையக் குடிக்கும் மரம் காற்றின் ஈரத்தைக் கூட்ட வேண்டுமே தவிர, குறைக்க முடியாது. இரண்டாம் குற்றச்சாட்டு பள்ளிப் பாடத்தின் முன்னேயே நிற்காமல் விழுந்துவிடுகிறது.

முதல் குற்றச்சாட்டு அவ்வளவு எளிதில் விழாது. அதை அளந்துதான் தீர்க்க வேண்டும்.

என் வகுப்பில் ஒருமுறை, "ஒரு வேலிக்காத்தான் மரம் ஒரு நாளில் எத்தனை லிட்டர் நீர் குடிக்கும்?" என்று கேட்டேன். ஒரு மாணவர் நாற்பது என்றார். இன்னொருவர் ஆயிரம் என்றார். "யார் அளந்தார்கள்? எப்படி அளந்தார்கள்?" என்று திருப்பிக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. என் கவலையெல்லாம் அதுதான்.

கதிரவன் கொடுக்கும் காசு

மரம் எவ்வளவு குடிக்கலாம் என்பதற்கு இயற்பியல் ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கிறது. நீர் சும்மா ஆவியாகிவிடாது. ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.45 மெகாஜூல் வெப்பம் வேண்டும். இதுவே ஆவியாதலின் உள்ளுறை வெப்பம். திறந்த வெளியில் இந்த வெப்பத்தைக் கொடுப்பவன் கதிரவன்.

நம் பகுதியில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 18 முதல் 20 மெகாஜூல் வெயில் விழுகிறது. அதில் ஒரு பங்கு எதிரொளித்துத் திரும்பிவிடும்; ஒரு பங்கு வெப்பக் கதிராக வானுக்குப் போய்விடும். மிஞ்சுவது 12 மெகாஜூல் என்று வைத்துக்கொள்வோம். அதை 2.45ஆல் வகுத்தால் ஏறத்தாழ 5 கிலோகிராம், அதாவது 5 லிட்டர். ஒரு சதுர மீட்டரில் 5 லிட்டர் என்றால் 5 மில்லிமீட்டர் உயர நீர். கோடையில் இது கூடும், மழைக்காலத்தில் குறையும்.

இந்தக் கணக்கு சரிதானா என்று எங்கள் ஊர்க் கோயில் குளத்திலேயே பார்க்கலாம். கோடையில், மழையும் வரத்தும் இல்லாத ஒரு மாதத்தில், நாளுக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டர் வீதம் ஆவியானால் 15 முதல் 18 சென்டிமீட்டர் நீர் இறங்க வேண்டும். குளத்துப் படியில் ஏறக்குறைய ஒரு படி. இதைவிட வேகமாக இறங்கினால் மீதி நீர் மண்ணுக்குள் கசிந்திருக்கிறது என்று பொருள்.

இப்போது மரத்துக்கு வருவோம். நான்கு மீட்டர் அகலத்துக்குக் கிளை விரித்த ஒரு மரம் சுமார் 12.5 சதுர மீட்டர் இடத்தை மூடும். ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 5 லிட்டர் என்றால் நாளுக்கு 60 லிட்டர் சொச்சம். வறண்ட வெளியில் தனித்து நிற்கும் மரத்துக்கு வெப்பக் காற்றும் ஓரளவு வெப்பம் கொண்டுவந்து கொடுக்கும். அதனால் இது சற்று மிகலாம். ஆனால் ஆயிரம் லிட்டர் என்பதற்குக் கதிரவனிடம் காசு இல்லை.

60 லிட்டர் என்பதும் உச்ச வரம்புதான். வேருக்கு நீர் எட்டாதபோது மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். அப்போது வெயில் இருந்தும் நீர் போகாது. எனவே உண்மை அளவு என்ன என்பதை அந்தந்த இடத்தில் அளந்தே அறிய வேண்டும். எப்படி அளப்பது? அதற்கு ஓர் அருமையான வழி பாலைவனத்தில் பிறந்தது.

பாலைவனத்துக் கிணறு காட்டிய வழி

அமெரிக்காவின் நெவாடா, யூட்டா மாநிலங்களின் வறண்ட பள்ளத்தாக்குகள் பல, நாற்புறமும் மலை சூழ்ந்த கிண்ணங்கள் போன்றவை. மலையில் பெய்யும் மழையும் பனியும் மண்ணுக்குள் இறங்கி, கிண்ணத்தின் அடிக்கு வந்து சேர்கின்றன. அங்கிருந்து கடலுக்குப் போக ஆறு இல்லை. அப்படியானால் ஆண்டுதோறும் வந்து சேரும் நீர் எங்கே போகிறது? மண்ணிலிருந்து ஆவியாகவும், ஆழ வேரோடும் செடிகளின் இலை வழியாகவும் காற்றுக்கே போகிறது. ஆகவே காற்றுக்குப் போவதை அளந்துவிட்டால், நிலத்தடியில் ஓடிவரும் நீரின் அளவே தெரிந்துவிடும். அங்கே பண்ணையோ நகரமோ அமைக்க எவ்வளவு நீர் எடுக்கலாம் என்பதை முடிவு செய்யும் முதல் எண் அதுதான்.

வால்டர் ஒயிட் என்னும் அறிஞர் யூட்டாவின் எஸ்கலாண்டே பள்ளத்தாக்கில் சிறு கிணறுகளை அமைத்து, நீர்மட்டத்தை இரவும் பகலும் பதிவு செய்தார். பகலில் மட்டம் இறங்கியது. இரவில் ஏறியது. மறுநாள் பகலில் மறுபடி இறங்கியது. செடிகள் பகலில் குடிக்கின்றன. இரவில் இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. அப்போது பக்கத்து மண்ணிலிருந்து ஊறும் நீர் மட்டத்தை உயர்த்துகிறது. கிணறு மூச்சு விடுவது போன்ற இந்த ஏற்ற இறக்கத்திலிருந்து செடி குடித்த அளவைக் கணக்கிடும் முறையை 1932இல் அவர் வெளியிட்டார். இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

முறை இதுதான். நள்ளிரவு முதல் விடியற்காலை 4 மணி வரை மரம் குடிப்பதில்லை என்று கொள்கிறோம். அந்த நேரத்தில் மட்டம் மணிக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கிறோம். அதே வேகத்தில் 24 மணி நேரமும் நீர் ஊறியிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். பின்னர், ஒரு முழு நாளில் மட்டம் நிகரமாக எவ்வளவு இறங்கியதோ அதையும் கூட்டுகிறோம். நிகரமாக ஏறியிருந்தால் கழிக்கிறோம்.

ஒரு கற்பனைக் கிணற்றை எடுத்துக்கொள்வோம். நள்ளிரவுக்குப் பின் நான்கு மணி நேரத்தில் 4 மில்லிமீட்டர் ஏறியது. மணிக்கு 1 மில்லிமீட்டர், நாளுக்கு 24. முழு நாளில் நிகர இறக்கம் 6 மில்லிமீட்டர். ஆகக் கூடுதல் 30 மில்லிமீட்டர். ஆனால் இது கிணற்று மட்டத்தின் கணக்கு. கிணற்றைச் சுற்றியுள்ள மண் முழுவதும் நீரன்று. மணலுக்கு இடையிலுள்ள இடைவெளியில்தான் நீர் நிற்கிறது. ஒரு வாளி மணலில் நீரைத் ததும்ப ஊற்றி, அடியில் துளையிட்டு வடிய விட்டால், மொத்தக் கன அளவில் எத்தனை பங்கு வடிகிறதோ அந்தப் பின்னத்தால் பெருக்க வேண்டும். அது 0.15 என்று வைத்தால், 30ஐ 0.15ஆல் பெருக்கி 4.5 மில்லிமீட்டர். அந்த இடத்து மரங்கள் ஒரு நாளில் நிலத்தடி நீரிலிருந்து குடித்தது அவ்வளவே. கதிரவன் வைத்த 5 மில்லிமீட்டர் வரம்புக்குள் அது அடங்குகிறது பாருங்கள்!

ஒரு கயிறு, ஓர் அளவுகோல், ஒரு கடிகாரம், உறங்காத இரண்டு கண்கள். தேவை இவ்வளவே.

நம் கிணறு யாருக்காக மூச்சு விடுகிறது?

இனி இந்த முறையைப் பாலாற்றங்கரைக்குக் கொண்டுவருவோம். இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. நம் கிணறுகளும் இரவில் ஏறுகின்றன. "ராத்திரி ஊறிவிடும், காலையில் மோட்டார் போடலாம்" என்று எந்த உழவரைக் கேட்டாலும் சொல்வார். ஆனால் அந்த ஏற்ற இறக்கம் மரத்தினுடையதன்று, மோட்டாருடையது! மின்சாரம் வரும்போது மட்டம் இறங்குகிறது, நிற்கும்போது ஏறுகிறது. பக்கத்தில் நான்கு மோட்டார் ஓடும் இடத்தில் மரத்தின் மெல்லிய மூச்சு நம் காதில் விழவே விழாது.

இரண்டின் அளவையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் இதே மரம் ஏறத்தாழ 12 லட்சம் ஹெக்டேரில் பரவிக் கிடக்கிறது. அங்கே மரத்தின் தண்டில் சிறு வெப்பக் கருவிகளைப் பொருத்தி, சாறு ஏறும் வேகத்தை அளந்தார்கள். 2021இல் வெளிவந்த முடிவின்படி, ஒரு மரம் நாளுக்குச் சராசரியாக 7 லிட்டர் குடிக்கிறது. சில மரம் 1 லிட்டர், சில மரம் 36 லிட்டர்.

7 லிட்டர்தானா என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். அந்த மரங்கள் அனைத்தும் சேர்ந்து ஆண்டுக்கு 300 கோடி கனமீட்டருக்கு மேல் குடிக்கின்றன என்று அதே ஆய்வு கணக்கிட்டது. சிறு துளிதான் பெருவெள்ளம். மரம் ஆண்டு முழுவதும் குடிக்கும். அதற்கு மின்வெட்டு இல்லை. எனவே வேலிக்காத்தான் ஒரு பாவமும் அறியாதது என்று நான் வாதாட வரவில்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். வினாடிக்கு 5 லிட்டர் இறைக்கும் ஒரு மோட்டார் எட்டு மணி நேரம் ஓடினால் 1,44,000 லிட்டர். அஃபார் மரத்தின் கணக்கில் இது இருபதாயிரம் மரங்களின் ஒரு நாள் குடி. இறைத்த நீர் முழுவதும் போய்விடுவதில்லை, ஒரு பங்கு வயலில் மறுபடி மண்ணுக்குள் இறங்கும் என்பது உண்மை. அதனால் பயிர் காற்றுக்கு விடுவதை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,000 சதுர மீட்டர். நெல் வயல் நாளுக்கு 5 மில்லிமீட்டர் வீதம் விட்டால் 20,000 லிட்டர். 110 நாளில் 22 லட்சம் லிட்டர். ஏக்கருக்கு 500 மரம் அடர்ந்த வேலிக்காத்தான் காடு, மரத்துக்கு 7 லிட்டர் வீதம், நாளுக்கு 3,500 லிட்டர். ஆண்டுக்கு ஏறத்தாழ 13 லட்சம் லிட்டர்.

அஃபார் எண்ணைக் காஞ்சிக்கு அப்படியே பொருத்த முடியாது. நீர்மட்டம் மூன்று நான்கு மீட்டரில் இருக்கும் ஆற்றங்கரையிலும் ஏரிப் பள்ளத்திலும் மரம் அதிகம் குடிக்கலாம். இதன் இனத்தைச் சேர்ந்த மரத்தின் வேரை அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கம் தோண்டியபோது 50 மீட்டருக்கும் கீழே கண்டார்கள். ஆனால் வேர் அவ்வளவு ஆழம் போகக்கூடும் என்பது வேறு. நம் மேட்டு நிலத்தில் கடினப் பாறைக்கு மேல் நிற்கும் ஒவ்வொரு புதரும் ஆழத்து நீரைக் குடிக்கிறது என்பது வேறு. அங்கே அது பெரும்பாலும் மேல்மண்ணின் ஈரத்தையே குடித்துக் கிடக்கலாம். இடத்துக்கு இடம் கணக்கு மாறும். ஆகவேதான் நம் ஊரில், நம் மண்ணில் அளக்க வேண்டும் என்கிறேன்.

'இதரம்' என்னும் வரி

வீட்டுச் செலவுக் கணக்கு எழுதும்போது, நினைவுக்கு வராததையெல்லாம் கடைசியில் 'இதரம்' என்று போட்டு முடித்துவிடுவோம் அல்லவா? நாட்டின் நிலத்தடி நீர்க் கணக்கிலும் அப்படி ஒரு வரி உண்டு. மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநிலங்களும் பின்பற்றும் கணக்கீட்டு முறையில், நேரடி அளவு கிடைக்காத இடத்தில், இயற்கையாக வெளியேறும் நீருக்கு ஆண்டு வரவில் 5 விழுக்காடு அல்லது 10 விழுக்காடு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆற்றுக்குக் கசிவதும், காற்றுக்குப் போவதும் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அளவு இல்லாதபோது ஏதேனும் ஓர் எண் வைக்கத்தானே வேண்டும்? ஆனால் எதைப்பற்றி ஊரெல்லாம் சண்டையிடுகிறதோ, எதற்காக நீதிமன்றம் வரை போனார்களோ, அதே எண் நம் கணக்கில் 'இதரம்' ஆக இருக்கிறது. இது பொருந்துமா? மனிதர் வாழாத பாலைவனப் பள்ளத்தாக்கில் காற்றுக்குப் போகும் நீரைச் சொட்டுச் சொட்டாக அளக்கிறார்கள். ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் நாம், இலட்சக்கணக்கானவர் குடிக்கும் கிணற்றுக்கு உத்தேச எண் போடுகிறோம்.

ஒரு காலத்தில் நாம் இப்படி இருக்கவில்லை. எங்கள் மாவட்டத்து உத்திரமேரூர்க் கோயிலின் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள், ஏரியைப் பார்த்துக்கொள்ளவே ஏரி வாரியம் என்று ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்ததைச் சொல்கின்றன. நீருக்குப் பொறுப்பும் கணக்கும் உண்டு என்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று.

வெட்டியவர்கள் கண்டது

மரத்தை வெட்டினால் நீர் திரும்புமா? உலகில் இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் பெக்கோஸ் ஆற்றங்கரையில் மண்டியிருந்த ஓர் அயல்நாட்டு மரத்தை 1960களின் இறுதியிலிருந்து பல்லாயிரம் ஏக்கரில் அழித்தார்கள். ஆற்றில் நீர் பெருகும் என்று எதிர்பார்த்தார்கள். அளந்து பார்த்தபோது எதிர்பார்த்த பெருக்கம் தென்படவில்லை. மரம் போன இடத்தில் வேறு செடிகள் முளைத்தன; அவையும் குடித்தன. ஈரமான வெற்று மண்ணும் ஆவியாக்கியது. கதிரவன் தன் காசை வேறு வழியில் செலவழித்தான், அவ்வளவே.

தென்னாப்பிரிக்காவில் 1995 முதல் ஒரு பெரிய அரசுத் திட்டத்தின்கீழ் அயல் மரங்களை அகற்றிவருகிறார்கள். அங்கே மலைச் சரிவுகளில் உயரமான மரங்கள் போய்ச் சிறு புதர்கள் வந்த இடங்களில் ஓடை நீர் கூடியதைக் கண்டிருக்கிறார்கள். ஆக, பதில் மரத்தின் பெயரில் மட்டும் இல்லை. எந்த இடம், எவ்வளவு ஆழத்தில் நீர், மரம் போன பின் அங்கே என்ன வருகிறது என்பவற்றில் இருக்கிறது.

என் கருத்து

ஏரி உட்புறத்திலும் வரத்துக் கால்வாயிலும் உள்ள வேலிக்காத்தானை அகற்றுங்கள். அதற்கு நீராவிப்போக்குக் கணக்கே தேவையில்லை. நீர் வரும் வழியையும் தேங்கும் இடத்தையும் அது அடைக்கிறது, அது போதும். ஆற்றங்கரையில் அகற்றுவதானால், முன்னும் பின்னும் அளந்துகொண்டு அகற்றுங்கள். பக்கத்தில் மோட்டார் இல்லாத ஒரு சிறு கிணற்றில், வெட்டுவதற்கு முன் ஒரு மாதமும் வெட்டியபின் ஒரு மாதமும் இரவு ஏற்றத்தைக் குறித்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். தரிசு மேட்டில் விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் அதை நம்பி ஏழைகள் பிழைக்கிறார்கள். அங்கே அவசரம் வேண்டாம். அகற்றிய இடத்தில் நம் நாட்டு மரமோ பயிரோ வைக்க ஏற்பாடு இல்லாமல் வெட்டினால், அடுத்த மழையில் அதுவே மறுபடி தழைக்கும் என்பதையும் மறக்கலாகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, மரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால் மற்றவர்கள் வசதியாகத் தப்பிவிடுகிறார்கள். ஆழ்துளைக் கிணறுகளின் எண்ணிக்கை, பாலாற்றில் மணல் அள்ளிய குழிகள், தூர்ந்த ஏரிகள் ஆகியவற்றைப்பற்றிப் பேச வேண்டியதில்லாமல் போகிறது. பாலாற்று மணல்தான் நம் நீர்ப்பானை. பானையை உடைத்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் செடி குடித்துவிட்டது என்பது நியாயமா?

மாணவர்களே, நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் ஊரில் பயன்படாத ஒரு கிணற்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஆசிரியரோ பெற்றோரோ உடன் இருக்க, ஒரு வாரம், மாலை ஆறு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் கயிறு விட்டு நீர்மட்டத்தைக் குறியுங்கள். தனியாகப் போகவோ, சுவரில் எட்டிப் பார்க்கவோ வேண்டாம். பள்ளி மாடியில் அகன்ற பாத்திரத்தில் நீர் வைத்து, தினமும் எத்தனை மில்லிமீட்டர் குறைகிறது என்று அளவுகோலால் பாருங்கள். காக்கை குடிக்காதபடி வலை போட்டு மூடுங்கள். ஒரு வேலிக்காத்தான் கிளையைப் பாலித்தீன் பையால் இறுக்கிக் கட்டி, மாலையில் பைக்குள் சேர்ந்த நீரை அளந்து பாருங்கள். பைக்குள் வெப்பமும் ஈரமும் மாறிவிடுவதால் அது மரத்தின் சரியான குடி ஆகாது. ஆனால் இலை நீரை வெளியே விடுகிறது என்பதைக் கண்ணால் காண்பீர்கள். எண்களை நோட்டில் தேதியோடு எழுதுங்கள். பத்து ஊரில் பத்துப் பள்ளிகள் இதைச் செய்தால், நம் மாவட்டத்தின் 'இதரம்' என்ற வரிக்கு எதிரே எழுத ஏதோ கொஞ்சம் உண்மை கிடைக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டில், பட்டும் ஈரமும் பற்றி அப்பாவிடம் விளக்கிச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அன்றைக்கே யாராவது இன்னொரு தரம், காலையில் நிறுத்துப் பார்த்திருக்கலாமே" என்றார்.

அவ்வளவுதான் நானும் கேட்கிறேன். மரத்தின்மேல் கோடரி விழுவதற்கு முன், இன்னொரு தரம் நிறுத்துப் பார்ப்போம்.